நல்ல புரோக்கருக்கு நாலு அடையாளம்!

செல்போன் அலறியது.

அடுப்பில் உப்புமா. கையில் கரண்டி. போனின் திரையில் 'அண்ணாதுரை அண்ணன்'. அவரும் ஒரு லாரிக்காரர்.

சசிரேகா கரண்டியைக் கீழே வைக்காமலேயே போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக் கொண்டாள்.

"சொல்லுங்கண்ணா..."

"சசி... உன்ற வண்டி இங்க மலையடிவாரத்துல நிக்குது."

"அது கோயமுத்தூரு போகற வண்டியாச்சுங்களே! அங்க எதுக்குங்க நிக்குது?"

"அது தெரியல. ஆனா வண்டி காலி. ஒரு மூட்டை கூட இல்ல."

"என்னங்கண்ணா சொல்றீங்க...?"

அண்ணாதுரை குரலைத் தணித்தார்.

"கேபினுக்குள்ள ஒரு பொணம் இருக்குது கண்ணு!"

கரண்டி விழுந்தது!

மலை மேல் இருக்கும் வாழவந்தியில் சசிரேகாவையும் யுவராஜையும் தெரியாதவர்கள் இல்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆறு சக்கர லாரி. ஸ்டீயரிங் பிடிப்பது அவன். புரோக்கர்களிடம் பேசி லோடு பிடிப்பது அவள். நேற்று சாயந்திரம் தலைச்சோலை எஸ்டேட்டில் நூற்றெண்பது மூட்டை காப்பிக் கொட்டை ஏற்றினார்கள். இன்று காலை ஆறு மணிக்கு யுவராஜ் வண்டியை எடுத்தான். இப்போது மணி ஒன்பது.

"மூஞ்சி... மூஞ்சியப் பார்த்தீங்களாண்ணா...?"

"துண்டு போத்திக் கெடக்குது. கிட்டப் போகறதுக்கே நடுங்குது."

"போய்ப் பாருங்கண்ணா! உங்க காலுல வேணும்னாலும் உழுகறேன்!"

செருப்புச் சத்தம். லாரிக் கதவு கிறீச்சிட்டது. அந்த அரை நிமிடத்தில் சசிரேகா தனக்குத் தெரிந்த எல்லா சாமிக்கும் வேண்டிக் கொண்டாள்.

"யுவராஜ் இல்ல சசி! எஸ்டேட் ரைட்டரு... கிறிஸ்துதாஸு!"

மூச்சு திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. சரக்கோடு துணைக்குப் போன எஸ்டேட் கணக்குப்பிள்ளை செத்துக் கிடக்கிறார், நமக்கு நிம்மதி வருகிறதே என்று.

"அப்ப எங்க ஊட்டுக்காரரு...?"

"காணோம். போலீஸு வந்துருச்சு. டிரைவர் தான் ரைட்டர அடிச்சுக் கொன்னுட்டுச் சரக்கோட கம்பி நீட்டிட்டான்னு பேசிக்கறாங்க."

"அவருங்களா? கோழி அறுத்தாக்கூட எட்டிப் போயி நிப்பாருங்க!"

"எனக்குத் தெரியும். போலீஸுக்குத் தெரியுமா? உன்னைய விசாரிக்க இன்ஸ்பெக்டர் மேல வர்றாங்களாம். நானும் கூட வரோணும்னு சொல்லிட்டாங்க. தைரியமா இரு."

இணைப்பு அறுந்தது.

உப்புமா தீய்ந்து கொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

மறுபடி போன்!

இந்த முறை... யுவராஜ்!

"ஏனுங்க! எங்கீங்க இருக்கறீங்க?"

"கத்தாத சசி..." குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "உசுரோட இருக்கறேன். தொடையில வெட்டிப் போட்டானுங்க. துண்டக் கட்டியிருக்கறேன், ரத்தம் நிக்க மாட்டேங்குது."

"ஆருங்க? ஆரு வெட்டினது?"

"புரோக்கரு! பாதி வழியில ஜீப்புல வந்து கை காட்டினான். 'நான் தான் கோவிந்தராஜ், சரக்க வேற வண்டிக்கு மாத்தோணும்'னான். கூட மூணு பேரு. ரைட்டரு எதுக்குங்கன்னு தான் கேட்டாரு. ஒரே அடி... நான் காட்டுக்குள்ள ஓடிட்டேன், வண்டிய அவனுங்க ஓட்டிட்டுப் போயிட்டானுங்க. சசி, அவன் மூஞ்சிய நான் பார்த்துட்டேன். அதனால தான் காப்பிக் காடு பூரா என்னையத் தேடறானுங்க."

"இப்ப எங்க இருக்கறீங்க?"

இடத்தைச் சொன்னான். அவள் உதட்டைக் கடித்துக் கொண்டு கேட்டாள்.

"நீ வந்துராத. உன்ற பின்னாடியே அவனுங்களும் வந்துருவானுங்க. ஆரையும் நம்பாத. போன்ல சார்ஜு ரெண்டு பர்சண்ட் தான் இரு..."

அவ்வளவு தான். திரும்பத் திரும்ப அழைத்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

சசிரேகா வாசலுக்கு ஓடினாள். திரும்பி உள்ளே ஓடினாள். மறுபடி வாசல்.

யாரைக் கூப்பிடுவது? அக்கம்பக்கத்தார் எல்லாம் எஸ்டேட் வேலைக்குப் போயாயிற்று. போலீஸைக் கூப்பிட்டால் கொலைகாரன் என்று விலங்கு மாட்டும். கூப்பிடாவிட்டால் ரத்தம் போயே செத்துப் போவான். அவளே போனால் பின்னால் அரிவாள் வரும். நல்ல வீட்டில் வாழ்க்கைப்பட்டு, நல்ல புருஷனோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தி, கடைசியில் இப்படி ஒரு காலை! அவள் தலையில் அடித்துக் கொண்டு அழுதாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். காக்கி பேண்ட், வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய கிராப்பு. டிரைவர் ஜீப்பிலேயே உட்கார்ந்து கொண்டான்.

"சசிரேகா நீதானேம்மா? நான் இன்ஸ்பெக்டர் கமலக்கண்ணன். ஸ்பெஷல் டீம்."

"வாங்க சார்..." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "என்ற ஊட்டுக்காரரு கொலை பண்ணலீங்க சார்."

"அதை நீ சொல்லக் கூடாது. நான் சொல்லணும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "புருஷன் போன் பண்ணானா?"

"இ... இல்லீங்க."

அவர் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்தார்.

"இந்த லோடைக் கொடுத்தது யாரு?"

"கோவிந்தராஜ்னு ஒரு புரோக்கருங்க. சேலத்துல ஆபீஸு."

"முன்னப் பின்ன பழக்கமா?"

"இல்லீங்க. இதான் மொத லோடு."

"மொத லோடு! முகம் தெரியாத ஒருத்தனை நம்பி நாற்பது லட்ச ரூபாய் சரக்குக்கு வண்டியை அனுப்பிட்டே?"

சசிரேகாவுக்குச் சுருக்கென்றது. அழுகைக்கு நடுவிலும் ரோஷம் எட்டிப் பார்த்தது.

"அப்புடி ஒண்ணும் கண்ண மூடிட்டு அனுப்பலீங்க சார். எட்டு வருஷமா லோடு புடிக்கறேன். ஒரு புரோக்கரு நல்லவனா இல்லையான்னு பார்க்க எங்களுக்குன்னு அடையாளம் இருக்குதுங்க."

"என்ன அடையாளம்? சொல்லு, கேப்போம்."

"மொதல்ல எங்க லாரிக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டேனுங்க. இந்தாளு எப்புடின்னு. அஞ்சு பேரு கட்டை விரலத் தூக்கிக் காட்டினாங்க. லூர்துராஜண்ணன் மட்டும், 'எனக்குத் தெரியாதும்மா, தெரியாதவனப் பத்தி நான் சொல்ல மாட்டேன்'னு போட்டாரு."

"அஞ்சு பேரும் உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லீங்க... போன மாசம் தான் குரூப்புல சேர்ந்தாங்க..."

சொல்லி முடிக்கும் போதே அவளுக்கு உறைத்தது. ஐந்து விரலும் ஒரே கையுடையது!

கமலக்கண்ணன் சிரிக்கவில்லை. அதுவே பெரிய உபகாரம்.

"அப்புறம்?"

"அண்ணாதுரையண்ணன ஆபீஸுக்கு அனுப்பிப் பார்த்தேனுங்க. சொவுத்துல போன வருஷக் காலண்டரு தொங்குச்சாம். நேத்து கடை போட்டவன் புதுக் காலண்டர் தானுங்க மாட்டுவான்? எதிர் டீக்கடைக்காரரு வேற, இவன் கேக்காமயே சக்கரை இல்லாத டீ கொண்டாந்து குடுத்தாராம். நாள்பட்ட ஆளுன்னா தானுங்க அப்புடிக் குடுப்பாங்க?"

"பழைய காலண்டரைப் பழைய குடித்தனக்காரன் விட்டுட்டுப் போயிருப்பான். இருபது நாள் டீ குடிச்சா எந்த டீக்கடைக்காரனுக்கும் சர்க்கரை விஷயம் மனப்பாடம் ஆயிடும். இன்னும் இருக்கா?"

"போன்ல நல்லாத் திட்டினானுங்க! வண்டி ஒரு மணி நேரம் லேட்டுன்னு. திட்டற புரோக்கர நம்பலாம் சார். சரக்கு போய்ச் சேரோணும்னு கவலை இருக்கறவன் தானுங்க திட்டுவான். தேனாப் பேசறவன் தான் தேளு."

"சரி..."

"எல்லாத்துக்கும் மேல, வாடகையில பேரம் பேசினானுங்க. நான் சொன்னதக் கேட்டுட்டு 'முடியவே முடியாது'ன்னு நூறு நூறாக் கொறைச்சான். அதுல தானுங்க நான் உழுந்துட்டேன்..."

"பேரம் பேசினா நல்லவனா?"

"பின்னீங்க? கேட்டதக் குடுக்கறேன்னு ஒடனே ஒத்துக்கறவன் குடுக்கற எண்ணமே இல்லாதவனுங்க. குடுக்கோணும்னு நெனைக்கறவன் தான் கொறைக்கப் பார்ப்பான். எங்க லைன்ல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்."

சொல்லிவிட்டு விம்மினாள். எல்லா அடையாளமும் சரியாக இருந்தது. ஆள் மட்டும் தப்பு! சட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கினாலும் உலையில் வைத்தால் தானே ஓட்டை தெரிகிறது?

கமலக்கண்ணன் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். குரல் தணிந்தது.

"இதோ பாரும்மா. உன் புருஷன் உயிரோட இருக்கான். உனக்குப் போன் பண்ணியிருக்கான். அடிபட்டிருக்கான். சரியா?"

"ஐயோ... எப்புடிங்க சார்...?"

"வழியில ரத்தம் பார்த்தேன். அந்தக் கும்பல் அவனைத் தேடுது. அவங்க முந்திக்கிட்டா பொணம். நான் முந்திக்கிட்டா சாட்சி. நீயே முடிவு பண்ணு."

சசிரேகா போனை இடுப்பில் செருகிக் கொண்டாள். யாரையும் நம்பாதே என்று யுவராஜ் சொல்லியிருக்கிறான். யாரையாவது நம்பாவிட்டால் அவனே இருக்க மாட்டான். இவர் நல்லவரா? எந்த அடையாளத்தை வைத்துப் பார்ப்பது? அவளுக்குத் தெரிந்தது லாரிக்காரர் அடையாளம் ஒன்று தான்.

"சார்... இடத்தச் சொன்னா அவர அடிக்கக் கூடாதுங்க."

"அடிக்க மாட்டேன்."

"மொதல்ல ஆஸ்பத்திரிங்க. அங்க ஒரு வாரம் இருக்கோணும். அப்புறம் தான் ஸ்டேஷன்."

"ஒரு வாரமா? முடியவே முடியாது. ஒரு நாள்."

"அஞ்சு நாளுங்க சார்... ரத்தம் நொம்பப் போயிருக்குது..."

"ரெண்டு நாள். அதுக்கு மேல என் வேலை போயிடும்மா."

"நாலு..."

"சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். மூணு நாள்! பேச்சை முடி. இடத்தைச் சொல்லு."

சசிரேகா அவரையே பார்த்தாள். ஒரு வாரம் என்றதும் ஒத்துக் கொள்ளவில்லை. நாள் நாளாகக் குறைத்தார். கொடுக்கிற எண்ணம் இருப்பவர்!

"ரெண்டு நிமிஷங்க சார். டீ போட்டுட்டு வந்தர்றேன். கையி காலெல்லாம் நடுங்குது, நானும் ஒரு வாய் குடிச்சுக்கறேன்."

"சீக்கிரம்."

சமையல்கட்டில் மூன்று தீக்குச்சிகள் வீணாயின. நான்காவது பற்றியது. பாத்திரங்கள் உருண்டன. குழாய் வெகுநேரம் ஓடிக் கொண்டிருந்தது. டம்ளரோடு அவள் திரும்பி வந்த போது கண்கள் சிவந்திருந்தன.

"சொல்லிப் புரியாதுங்க சார். எஸ்டேட்டுக்குள்ள வண்டித் தடம். நானே வந்து காட்டறேனுங்க."

கமலக்கண்ணன் டீயைத் தொடவில்லை. எழுந்து விட்டார்.

ஜீப் பறந்தது.

முன் சீட்டில் கமலக்கண்ணன். பின் சீட்டில் சசிரேகா. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள். மிளகுக் கொடி. பனி இன்னும் முழுசாக விலகவில்லை.

"எவ்வளவு தூரம்?"

"கிட்ட வந்தாச்சுங்க."

அவள் மடியில் இரண்டு கைகளையும் கோத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்தது சரியா தப்பா என்று தெரிய இன்னும் இரண்டு வளைவு பாக்கி.

முதல் வளைவு தாண்டியது.

இரண்டாவது வளைவில் டிரைவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றான்!

ரோட்டுக்குக் குறுக்கே ஒரு லாரி. மரம் ஏற்றிய லாரி. பானெட்டைத் திறந்து வைத்து ஒருத்தர் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"வண்டியை ஓரம் கட்டுய்யா! போலீஸ்!"

"ஓரம் கட்டற மாதிரி இருந்தா ஊட்டுக்கே போயிருப்பனுங்களே... ஆக்சில் போச்சுங்க."

"ரிவர்ஸ் எடு!" கமலக்கண்ணன் டிரைவரிடம் கத்தினார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தான். பின்னால் இன்னொரு லாரி சாவகாசமாக வந்து நின்றது. அதுவும் குறுக்கே!

"இதுக்கும் ஆக்சிலா?"

"இல்லீங்க, இதுக்கு கிளட்ச்சு," என்றார் முதல் லாரிக்காரர் மரியாதையாக. கையில் மூன்றடி நீள ஜாக்கி லிவர் இருந்தது. பின் லாரியிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். அவர்கள் கையும் சும்மா இல்லை.

கமலக்கண்ணன் மெல்லத் திரும்பினார். சசிரேகாவைப் பார்த்தார்.

"டீ போடத்தான் போனியா?"

"டீயும் போட்டேனுங்க." குரல் நடுங்கியது. ஆனால் வந்தது. "குழாயத் தொறந்து உட்டுட்டு லூர்துராஜண்ணனுக்குப் போன் பண்ணினேன். தெரியாதவனத் தெரியாதுன்னு சொன்ன ஒரே மனுசன் அவரு தானுங்க."

ஜாக்கி லிவருடன் நின்ற லூர்துராஜ் தலையை ஆட்டிக் கொண்டார்.

"எதுல கண்டுபிடிச்சே?"

"போன்ல பேசின குரல மாத்திட்டீங்க, பழக்கத்த மாத்தலீங்க. நீங்க பேரம் பேசுனீங்க. புரோக்கரு பேரம் பேசினா நல்லவன். போலீஸு எந்த ஊருலீங்க பேரம் பேசுது? ஒரு வாரம்னு கேட்டா, 'யாருகிட்டப் பேசறே, ஏறு வண்டியில'ன்னு ஒரே அதட்டு தான் அதட்டுவாங்க. உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்னு சொல்றது லாரி மார்க்கெட்டுக்காரன் வாயிங்க!"

அடுத்த நொடி கத்தி வெளியே வந்தது!

சசிரேகாவின் தலைமுடி அவன் கையில். கத்தி முனை கழுத்தில்.

"லாரியை எடுங்கடா! இல்லே, கழுத்தை அறுத்துடுவேன்!"

"அய்யய்யோ, பொறுங்க கோவிந்தராஜ் சார்!" லூர்துராஜ் லிவரைக் கீழே போட்டார். "எடுக்கறோமுங்க. புள்ளைய உட்டுருங்க. ஆனா ஆக்சில் நெசமாலுமே இறுகிப் போச்சுங்க. ஒரு மணி நேரமாவது ஆகும்."

"அஞ்சு நிமிஷம்!"

"முக்கா மணி நேரங்க சார்..."

"பத்து நிமிஷம்! அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது!"

"அரை மணி. கர்த்தர் சத்தியமா அதுக்குக் கீழ முடியாதுங்க."

"பதினஞ்சு!"

"உங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம்... இருபது?"

"சரி, இருபது! ஆரம்பி!"

பழக்க தோஷம்! கழுத்தில் கத்தி இருக்கும் போதே சசிரேகாவுக்கு ஒரு பைத்தியக்காரச் சிரிப்பு வந்து தொண்டையில் நின்றது. சிரித்தால் கத்தி இறங்கும். அடக்கிக் கொண்டாள்.

லூர்துராஜ் ஸ்பேனரைத் தேடினார். கிடைத்த ஸ்பேனர் சேரவில்லை. வேறு ஸ்பேனர். அது வழுக்கியது. சசிரேகாவின் கழுத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் ரவிக்கைக்குள் இறங்கியது. யுவராஜ் எங்கே, என்ன ஆனான், ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக் கொண்டாள். அவள் கையில் இப்போது எதுவுமே இல்லை.

பதினெட்டாவது நிமிடம்.

சைரன்!

கோவிந்தராஜ் திடுக்கிட்டுத் திரும்பிய அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. லூர்துராஜின் கை ஸ்பேனரோடு ஜன்னலுக்குள் பாய்ந்தது. மணிக்கட்டு எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. கத்தி சீட்டுக்கடியில் போய் விழுந்தது. ஜீப் டிரைவர் ஓடப் பார்த்தான். ஓட எங்கே இடம்?

சசிரேகா ஜீப்பிலிருந்து இறங்கவில்லை, விழுந்தாள்.

"அண்ணா... அவரு...?"

"தேவகுமாரி பக்கத்து ஊட்டு ஜீப்ப எடுத்துட்டு நீ சொன்ன எடத்துக்குப் போயிட்டா," என்றார் லூர்துராஜ். அவருடைய மனைவி அவள். "இப்பத்தான் மெசேஜு போட்டிருக்கா. ஆளு மயக்கத்துல இருக்குது. ஆனா உசுரு இருக்குது கண்ணு. ஆஸ்பத்திரி வாசலுக்கே போயிட்டாங்க."

அவள் தார் ரோட்டில் உட்கார்ந்து வாய் விட்டு அழுதாள். வெட்கப்படவில்லை.

போலீஸ் ஜீப்பிலிருந்து ஒரு பெண்மணி குதித்தார். விறைப்பான காக்கி. தோளில் நட்சத்திரங்கள். பின்னாலேயே, லூர்துராஜ் முன்பே போனில் சொல்லி வைத்த இடத்துக்கு வழிகாட்டி வந்த அண்ணாதுரை தடுமாறி இறங்கினார்.

"யாரு சசிரேகா? நான் இன்ஸ்பெக்டர் சுதாராணி!"

சசிரேகா கண்ணைத் துடைத்துக் கொண்டு எழுந்தாள். சுதாராணியை மேலும் கீழும் பார்த்தாள். ஒரே நாளில் இரண்டாவது இன்ஸ்பெக்டர்! எதற்கும் பார்த்து விடுவது நல்லது.

"மேடம்... நான் ஆஸ்பத்திரிக்குப் போயி அவர ஒரு கண்ணு பார்த்துட்டு வந்துர்றேனுங்க. ஒரு மணி நேரம்..."

"யாருகிட்ட நேரம் பேசறே? ஸ்டேட்மெண்ட் கொடுத்துட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் போ! ஏறும்மா ஜீப்ல!"

"அரை மணி நேரமாவதுங்க மேடம்...?"

"ஏறுன்னா ஏறணும்!"

சசிரேகாவின் முகம் மலர்ந்தது. லூர்துராஜ் பக்கம் திரும்பினாள்.

"அசல் சரக்கு தானுங்கண்ணா!" என்றபடி ஏறி உட்கார்ந்தாள்.